அக்காவுக்காகச் செய்த ஜெபம் எங்கே போனது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். அப்புறம் எலும்புக்குப் பரவிவிட்டது. சபை முழுக்க ஜெபித்தது. வீட்டில் 21 நாள் உபவாசம் இருந்தீர்கள். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் அக்காவின் தலையில் கை வைத்து, "இந்த மகள் சாக மாட்டாள் என்று கர்த்தர் சொல்கிறார்" என்றார். புத்தாண்டு ஆராதனையில் அக்கா எடுத்த வாக்குத்தத்த அட்டையிலும் 118-ஆம் சங்கீதத்தின் "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற வசனமே வந்தது. அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்தீர்கள். போன மாதம் அக்கா போய்விட்டார். இப்போது சிலர் உங்கள் வீட்டில் விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். அம்மா யாருக்கும் சொல்லாமல் கத்தோலிக்கரின் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தாராம். அதனால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு உறவுக்காரர் சொல்ல, அம்மா அதையே நம்பி அழுதுகொண்டிருக்கிறார். அக்காவின் மகள், ஒன்பது வயது, இனிமேல் ஜெபம் பண்ண மாட்டேன் என்கிறாள். இந்தக் கடவுளை நான் எப்படி நம்புவது என்பது உங்கள் கேள்வி.

காரணம் சொல்லுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரி வார்டுகளில் போய் ஜெபிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். அக்கா ஏன் பிழைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். ஆனால் உங்கள் வீட்டின் மேல் சுமத்தியிருக்கிற பழியைப் பற்றி, வேதத்தை வைத்துக்கொண்டே பேச முடியும். அதை முதலில் இறக்கி வைத்தால்தான் மற்றதைப் பேசவே முடியும்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலை செய்தான். ஒரே வசனம். இயேசுவோடு மறுரூப மலைக்கு ஏறியவர், இறந்துபோயிருந்த யவீருவின் மகள் எழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், இரண்டாவது வசனத்தில் முடிந்துபோகிறார். அடுத்து பேதுருவைப் பிடிக்கிறான். சபையார் ஊக்கத்தோடே ஜெபிக்கிறார்கள். இரவில் தூதன் வருகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. அதே ஊர், அதே ராஜா, அதே சபை. யாக்கோபுக்காக ஜெபித்தார்கள் என்று எழுதியிருக்கவில்லைதான். ஆனால் தங்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகும்போது ஜெபிக்காமல் கை கட்டி உட்கார்ந்திருப்பார்களா?

அடுத்து நடப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. பேதுரு நேராக மாற்குவின் தாய் மரியாள் வீட்டுக்கு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருக்காக ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. ரோதை என்ற பெண் சத்தத்தைக் கேட்டே ஆள் யாரென்று கண்டுகொண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கக்கூட மறந்து உள்ளே ஓடி, பேதுரு நிற்கிறார் என்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நீ பிதற்றுகிறாய்." அவள் சாதித்ததும், அது அவருடைய தூதனாயிருக்கும் என்றார்கள். பாவம், பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். (வேதத்தில் எனக்குச் சிரிப்பு வருகிற இடங்களில் இது ஒன்று.) தாங்கள் கேட்டது நடக்கும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பேதுரு வந்து நிற்கிறார். விசுவாசத்தின் அளவைப் பார்த்துத்தான் பதில் வரும் என்றால் இந்த அதிகாரமே இப்படி எழுதப்பட்டிருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊமையான ஆவி பிடித்த தன் மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். பையன் சுகமானான். அந்தச் சம்பவத்தில் "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு சொன்னது யாரிடம்? அந்தத் தகப்பனிடம் இல்லை. குணமாக்கப் போய் முடியாமல் திரும்பிய சீஷர்களிடம். குணமாக்கப் போன ஊழியக்காரர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டுவது எந்த நியாயம்? சுகமானவர்களைப் பார்த்து "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொன்னதுண்டு. தேடி வந்த ஒரு நோயாளியை, உனக்கு விசுவாசம் போதாது, போய் வா என்று திருப்பி அனுப்பியதாக நாலு சுவிசேஷத்திலும் நான் பார்த்ததில்லை.

பவுலையும் பாருங்கள். தன் சரீரத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை. கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டு வந்தேன் என்று தீமோத்தேயுவுக்குச் சாதாரணமாக எழுதுகிறார். அவன் விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தீமோத்தேயுவுக்கே வயிற்றுக் கோளாறு. அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்றுதான் ஆலோசனை.

நம் சபைகளில் இந்த எண்ணம் ஏன் இவ்வளவு ஊறியிருக்கிறது என்று யோசித்தால், சாட்சி சொல்லுகிற நேரம் நினைவுக்கு வருகிறது. டாக்டர் கைவிட்ட பிறகு பிழைத்தவர் மைக் பிடித்துப் பேசுவார், கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும். அது நல்லதுதான், நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜெபித்தோம், இறந்துவிட்டாள், இன்னும் சபைக்கு வந்துகொண்டிருக்கிறேன் என்று ஒருவரும் எழுந்து நின்று சொல்லுவதில்லை. சொல்லக் கூப்பிடுவதும் இல்லை. வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். காணிக்கைப் பொருட்களை வைத்திருக்கிற கூடத்தில் வெள்ளியில் செய்த கை, கால், கண் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். கேட்டுக் கிடைத்தவர்கள் கொண்டுவந்து வைத்தவை அவை. கிடைக்காமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போனவர்களுக்கு அங்கே அலமாரி இல்லை. இப்படிக் கேட்டுக் கேட்டே, கேட்டால் கிடைக்கும், கிடைக்காதவனிடம் ஏதோ குறை என்று மனதில் பதிந்துவிடுகிறது.

அந்த வெளியூர் ஊழியக்காரரைப் பற்றி நான் மழுப்ப விரும்பவில்லை. உபாகமம் 18-ஆம் அதிகாரக் கடைசியில் தெளிவாக இருக்கிறது: ஒருவன் கர்த்தரின் நாமத்தினாலே சொன்னது நடக்காமற்போனால், அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவன் துணிகரத்தினால் சொன்னது, அவனுக்குப் பயப்பட வேண்டாம். அதாவது வாக்குத் தவறியது கடவுள் இல்லை, அந்த மனிதர். சரி, அவரும் ஆசையில் சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிற பெண்ணையும் பக்கத்தில் நிற்கிற பிள்ளையையும் பார்த்து வாய் தவறியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர். அட்டை விஷயமும் அதே மாதிரிதான். 118-ஆம் சங்கீதம், ஆபத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் ஆலயத்துக்கு நடந்துபோகும்போது பாடுகிற நன்றிப் பாட்டு. கட்டாக அடுக்கி வைத்த அட்டைகளில் ஒன்றை உருவி எடுப்பதால் அந்த வசனம் உங்கள் அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பதிலாகிவிடாது. ஒட்டி வைத்ததில் தப்பில்லை. அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அதைக் கிழித்துப் போடவும் வேண்டாம், கடவுள் ஏமாற்றிவிட்டார் என்று கணக்கு எழுதவும் வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதி. பழி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், பேதுருவுக்குக் கதவு திறந்தவர் அக்காவுக்கு ஏன் திறக்கவில்லை? அவரை எப்படி நம்புவது?

இதற்கு நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901-இல் அங்கே குடியேறி, கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண் பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் வீடு நடத்தினார். பிள்ளைகள் அவரை அம்மை என்றே கூப்பிட்டார்கள். அவருடைய வலது கைபோல இருந்தவர் பொன்னம்மாள், இளம் வயதில் கணவனை இழந்த பெண். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி பக்கத்தில் கைக்குழந்தைகளுக்கென்று வைத்திருந்த வீட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். பணம் வேண்டுமென்று வெளியே யாரையும் கேட்பதில்லை என்பது டோனாவூரின் கொள்கை. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்லுவார்கள். பணம் வந்துசேர்ந்த கதைகள் அங்கே ஏராளம். ஜெபம் கேட்கப்படும் என்பதைத் தினமும் அரிசிப் பானையில் பார்த்தவர்கள் அவர்கள்.

பொன்னம்மாளுக்கு 1913-இல் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், நோய் திரும்பியது. யாக்கோபு நிருபத்தில் சொன்னபடி எண்ணெய் பூசி ஜெபிக்கலாமா என்று ஏமி தயங்கியிருக்கிறார். இப்படிப்பட்ட ஜெபத்தில் அனுபவமுள்ள ஒருவர் வரட்டும், அதை அனுமதியாக எடுத்துக்கொள்வோம் என்று காத்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பழைய நண்பர் வந்தார். பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்திக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒரு குருத்தோலையை எடுத்துப் பொன்னம்மாளின் படுக்கைக்குக் குறுக்கே வைத்தார்கள். குருத்தோலை ஜெயத்துக்கு அடையாளம். எண்ணெய் பூசினார்கள், ஜெபித்தார்கள்.

அதற்குப் பிறகு நோய் ஏறியதே தவிர இறங்கவில்லை. வலி அதிகமானது. 1915 ஆகஸ்டில் பொன்னம்மாள் இறந்தார்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஓலைதான். பிழைத்த பிறகு வைத்ததில்லை அது. என்ன ஆகும் என்று தெரியாத அன்றே வைத்தது. பிழைத்தாலும் இறந்தாலும் நாங்கள் உம்முடையவர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி. தானியேல் புத்தகத்தில், ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்த மூன்று பேர் எரிகிற சூளைக்கு முன்னால் நின்று ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய தேவர்களை ஆராதிக்க மாட்டோம் என்று சொன்னதும் இதே வகை. தீயில் கருகாமல் வெளியே வந்ததைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுகிறோம். வரப்போகிறோம் என்று அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர்களுக்குத் தெரியாது.

ஏமிக்கும் பிறகு அதுதான் நடந்தது. 1931 அக்டோபரில் களக்காட்டில் மருத்துவ வேலைக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கலான வெளிச்சத்தில் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்புறம் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில். அவருக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! அரிசிக்குப் பணம் அனுப்பியவர் அம்மையின் காலை ஏன் சரிசெய்யவில்லை என்று அந்தப் பிள்ளைகளில் யாராவது கேட்டிருக்காமலா இருப்பார்கள்?

நம்பிக்கை என்று நான் சொல்லுவது இந்த மாதிரி ஒன்றை. கேட்டது கிடைக்கும் என்கிற நிச்சயத்தைச் சொல்லவில்லை. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே "எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டார். பாத்திரம் எடுபடவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று உங்கள் உறவுக்காரர் சொல்லுவாரா? கேட்டதும் உண்மை, மறுக்கப்பட்டதும் உண்மை, அதற்குப் பிறகும் அப்பா என்று கூப்பிட்டதும் உண்மை. மூன்றும் ஒரே இரவில்.

இதைச் சொன்னவுடன் நீங்கள் அமைதியாகிவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் இருந்தால் கோபமாகவே பேசுங்கள், ஆனால் அவரிடமே பேசுங்கள். மார்த்தாள் அப்படித்தான் செய்தாள். லாசரு நோய்ப்பட்டிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டார். அவர் வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாள் எதிர்கொண்டு ஓடி, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சகோதரி மரியாளும் வந்து அதையே சொன்னாள். அந்த நாலு நாளும் வீட்டில் இதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். இயேசு அவர்களை அதட்டவில்லை. கண்ணீர் விட்டார். இன்னும் சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவர்தான் அழுதார்.

88-ஆம் சங்கீதத்தையும் வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கினீர் என்று இருட்டிலேயே முடிகிறது. அப்படியே வேதத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள், யாரும் கடைசியில் ஒரு அல்லேலூயா சேர்க்கவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதலில் ஏழு நாள் இராப்பகலாக ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தர், என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள் மேல்தான் கோபப்பட்டார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்கு அந்த வார்த்தை. கடவுளோடு வழக்காடியவனுக்கு இல்லை.

உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் கிறிஸ்தவனாகப் பதில் சொன்னதாக ஆகாது. லாசருவும் பிறகு ஒருநாள் இறந்தார். இயேசு சுகமாக்கிய எல்லாருமே இறந்தார்கள். நம் நம்பிக்கை கடைசியில் போய் நிற்கிற இடம் கல்லறைக்கு அந்தப் பக்கம். தாவீது தன் குழந்தைக்காக ஏழு நாள் உபவாசித்துத் தரையில் கிடந்து, குழந்தை இறந்த பிறகு, நான் அதினிடத்துக்குப் போவேன் என்றதும் அந்தத் திசையைப் பார்த்துத்தான். ஆனால் இதைத் துக்க வீட்டில் அழுகையை நிறுத்துகிற மருந்தாகப் பயன்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

அம்மாவிடம் முதலில் போய் உட்காருங்கள். வேளாங்கண்ணி விஷயத்தை அவரே எடுக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுங்கள். மகள் பிழைக்க வேண்டும் என்று ஒரு தாய் போகாத இடம் உண்டா? அதற்காக மகளின் உயிரை எடுக்கிற கடவுளைப் பற்றி இயேசு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார். யோவான் 9-ஆம் அதிகாரம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த உறவுக்காரர் மறுபடி வந்து ஆரம்பித்தால், அம்மா முன்னால் இதைப் பேச வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அம்மா சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் இப்படியே நாள் கடத்தினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதையும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்லக்கூடும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருமகளிடம், கடவுளுக்கு அம்மா தேவைப்பட்டாள், அதனால் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள். பெரியவர்களுக்கு அது ஆறுதல் மாதிரித் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, அடுத்து அப்பாவையோ மாமாவையோ எடுத்துக்கொள்வார் என்றுதான் கேட்கும். ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். ராத்திரி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக, சின்னதாக ஜெபியுங்கள்: "ஆண்டவரே, எங்களுக்கு அம்மா ஞாபகமாக இருக்கிறது. எங்களுக்குக் கோபமாகவும் இருக்கிறது." அவள் ஆமென் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் அம்மா சாகணும் என்று கேட்டால், எனக்கும் தெரியவில்லை செல்லம், நானும் அதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

உங்களுக்கு வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை என்றால், சபையில் மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8-இல் இருக்கிறது. சில வாரம் அந்தப் பெருமூச்சே போதும். கொஞ்ச நாள் வேறு சபையில் பின் வரிசையில் உட்கார வேண்டும்போல இருந்தால் அதிலும் தப்பில்லை. இந்த மாதமே எதையும் முடிவுசெய்துவிடாதீர்கள்.

40-ஆம் நாள் ஆராதனை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் போதகரை இந்த வாரமே பார்த்து, செய்தியில் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யோவான் 11-ஐ மார்த்தாளின் வார்த்தையிலிருந்து இயேசு அழுத இடம்வரை வாசிக்கட்டும். அதற்கு முன்னால் 13-ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று ஆரம்பிக்கிறது, அதை நீங்களே வாசியுங்கள். சாட்சி சொல்லுகிற நேரம் என்று ஒன்று வைத்தால், அக்கா எப்படி இருந்தார், என்ன சமைப்பார், யாரை எப்படித் திட்டுவார் என்று அவரைத் தெரிந்தவர்கள் பேசட்டும். அந்த வெளியூர் ஊழியக்காரரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. அவராகவே வந்தால் பின்னால் ஒரு நாற்காலி போடுங்கள், மைக் கொடுக்க வேண்டாம்.